வாத்து சொல்லாத சேதி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். வழக்கத்துக்காக நலம் என்று எழுதவில்லை, இந்தத் தடவை பரிசோதித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன், என்ன ஏது என்று பின்னால் சொல்கிறேன், பதறாமல் படி. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, வெளியே போகும்போது காதை மூடிக்கொள்கிறாயா.

போன விடுமுறையில் வந்து நம் ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் பழைய பிரவுசரை எடுத்துவிட்டு வாத்துப் படம் போட்ட வேறொன்றைப் போட்டுக் கொடுத்தாயே, அதற்கு அப்பா பட்ட எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. நெருப்புப் படத்தைத் தொட்டால் பார்த்ததெல்லாம் அழிந்துவிடுகிறது, மறுபடி பாஸ்வேர்டு போட வேண்டியிருக்கிறது, உன் மகளோட வாத்து என்னையே யாருன்னு கேக்குது என்று ஒரே முணுமுணுப்பு. தொந்தரவு என்றால் மட்டும் நீ என் மகள். விக் கதையை வசதியாக மறந்துவிட்டார். யாருக்கும் தெரியாமல் ஒரே ஒரு தடவை விக் தேடப்போய், படம் தேர்ந்தெடுக்க வருகிறவர்கள் பக்கம் திருப்பி வைத்த திரையில் எதைத் திறந்தாலும் வழுக்கைத் தலை விளம்பரமாக வந்து நின்றதும், பக்கத்துக் கடைப் பல் டாக்டர் முடி நடவு எப்போ சார் என்று கேட்டதும் உனக்கு நினைவிருக்கும். அதற்காகத்தானே நீ மாற்றினாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்பாவோ தலைவலி என்றாலே ஊரைக் கூட்டுகிறவர், ஒரு வழி தெரிந்த பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் உள்ளே யாரிடமோ முகத்தைக் கொஞ்சம் தூக்குங்க என்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது வெளியே கம்ப்யூட்டரில் கட்டியைப் பற்றித் தேடிப் படித்தேன், எந்த டாக்டரிடம் போவது என்று பார்த்துக்கொண்டேன், நெருப்பைத் தொட்டேன். இது எல்லாவற்றையும் மறைத்துவிடாது, இணைப்புக் கொடுக்கிறவனுக்குத் தெரியலாம் என்று நீ சொல்லியிருந்தாய், தெரிந்துவிட்டுப் போகட்டும், அவன் ஒன்றும் என் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவன் இல்லை. மறுநாள் அப்பா அதே திரையில் ஒரு குடும்பத்துக்குப் படம் காட்டினார், நான் பின்னால் நின்று திரையையே பார்த்தேன். ஏதோ படச்சட்ட விளம்பரம் வந்தது. ஆஸ்பத்திரி என்று ஒன்றுகூட வரவில்லை.

அன்று கடையை மூடியதும் நானே அவரை உட்காரவைத்துச் சொன்னேன். அவர் ஊரைக் கூட்டவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, நீயே சொன்னியே, வேற எப்படியாவது தெரிஞ்சிருந்தா நான் தாங்கியிருக்க மாட்டேன் என்றார். டாக்டர் அறையில் என்னைவிட அவர்தான் அதிகம் நடுங்கினார். ஊசியால் நீரை எடுத்ததும் கட்டி அமுங்கிவிட்டது, வெறும் நீர்க்கட்டி, பயமில்லை என்று சொல்லிவிட்டார்கள். இப்போது அப்பா பல் டாக்டரிடம் என் மகள் போட்ட வாத்து என்று பெருமையடிக்கிறார், நீ அவர் மகளாகிவிட்டாய்.

நீ விளையாட்டாகச் செய்ததுபோலத்தான் இருந்தது. ஆனால் என் உடம்பைப் பற்றிய சேதி என் வாயால், நான் நினைத்த நேரத்தில் அவருக்குப் போனது உன்னால்தான். ரொம்ப நன்றி கண்ணு, எத்தனை தடவை சொன்னாலும் எனக்குப் போதவில்லை.

நன்றாக இரு, நினைத்ததெல்லாம் கைகூடட்டும். ஒன்றை மறக்காதே, நீயும் ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடு. ஏதாவது இருந்தால் நெருப்பைத் தொட்டு ஊர் கண்ணிலிருந்தெல்லாம் அழித்துக்கொள், எனக்கு மட்டும் சொல்லிவிடு.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா