போர்வைக்குள் வைத்த பை

நெய்வேலி,
9-11-1997, ஞாயிறு.

என் அன்பு மகள் கிறிஸ்டினாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று தினமும் மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். இங்கே நாங்கள் சுகம் என்று எழுதித்தான் பழக்கம், இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை. போன ஞாயிறு நீ சுப்பிரமணியன் சார் வீட்டுக்குப் போன் செய்தபோது அப்பாவுக்குப் பரவாயில்லை என்று சொன்னேன், அது பொய். அவர்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள், அங்கே நின்றுகொண்டு மூத்திரம், சீழ் என்று எப்படிப் பேசுவது. டியூட்டிக்குப் போகிற அவசரத்தில் இதைப் பிரித்திருந்தால் மடித்து வைத்துவிட்டுப் போ, திரும்பி வந்து உட்கார்ந்து படி.

அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டது. போன மாசம் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து 29ஆம் தேதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டாக்டர் சிவப்பிரகாசம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இங்க வச்சு ஊசி குத்துறதுல பிரயோஜனம் இல்லம்மா, வீட்டுக்கு அழைச்சிட்டுப் போயி அவர் ஆசைப்படுறதக் குடுங்க என்றார். பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோய் ரத்தத்தைச் சுத்தம் செய்யலாமா என்று கேட்டேன், இந்த உடம்பு அந்த மெஷினைத் தாங்காது என்றார். எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முகம் உப்பிக்கிடக்கிறது, பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுகிறார். உனக்கு இதெல்லாம் நான் விளக்க வேண்டியதில்லை, நீ தினம் பார்க்கிறவள். மார்ச் மாசம்தான் லீவு என்று உன் ஆஸ்பத்திரியில் கறாராகச் சொல்லிவிட்டதாக எழுதியிருந்தாய், அதனால் வா என்று நான் எழுதவில்லை. வந்தால் ஆகப்போவதும் ஒன்றும் இல்லை.

இனிமேல் சொல்லப்போவதைத்தான் நான் ஒரு மாசமாக எழுதாமல் வைத்திருந்தேன். அப்பா தோட்டத்துப் பலாமரத்தில் ஏறி விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய், மூத்திரத்துக்கு டியூப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்களே, அப்போது நீ எட்டுப் பக்கம் எழுதி அனுப்பினாய், டியூப்பை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று. அதை பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். அதில் ஒன்றைக்கூட நான் விட்டதில்லை. கையை சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவாமல் தொட்டதில்லை. காலையிலும் சாயங்காலமும் டியூப் வெளியே வருகிற இடத்தைக் கொதித்து ஆறின தண்ணீரில் துடைப்பேன். டியூப்பை இழுபடாமல் தொடையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டுவேன், ஒரு நாள் இந்தத் தொடை, ஒரு நாள் அந்தத் தொடை. மைன்ஸில் ஷிப்ட்டு மாறும் சங்கு ஊதும்போதெல்லாம் பையைக் காலி செய்வேன், ஆறு மணி, இரண்டு மணி, பத்து மணி. நம்ம ரெண்டு பேரும் இப்பதான் ஒரே ஷிப்ட்டு என்று அப்பா கேலி செய்வார். மாசத்துக்கு ஒரு தடவை டியூப் மாற்ற வரும் நர்ஸ் சந்திரகலா, அவள் குள்ளஞ்சாவடிப் பெண், வாயைத் திறந்தால் குறைதான் சொல்வாள், அவளே பக்கத்து பிளாக்கில் போய் லூசியம்மாள் வீட்டைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறாள். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

மாசாமாசம் முதல் வெள்ளிக்கிழமை சாமியார் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுவருவார் இல்லையா, அப்பாவுக்கும் கொண்டுவருவார். கட்டில் பக்கத்தில் மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்து சிலுவையில் பாடுபட்ட சுரூபமும் இரண்டு மெழுகுவர்த்தியும் வைப்பேன். அந்த மேசைக்கு நேராகக் கட்டில் சட்டத்தில் மூத்திரப் பை தொங்கும். ஆண்டவர் வருகிற இடத்தில் அதை வைத்துக்கொண்டு முழந்தாள் போட என்னால் முடியவில்லை. பை எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் தொங்க வேண்டும் என்று நீ சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தாய், எனக்குத் தெரியாமல் இல்லை. கொஞ்ச நேரம்தானே என்று பையைத் தூக்கி அப்பா வயிற்றின்மேல் வைத்துப் போர்வையை இழுத்து மூடிவிடுவேன். சாமியார் எத்தனையோ வீட்டுக்குப் போய்விட்டு வருகிறவர், ஒரு மாசம் எட்டு மணிக்கு வருவார், ஒரு மாசம் பதினொன்றுக்கு வருவார். நான் ஏழரைக்கே மூடிவிடுவேன். அவர் போன பிறகு நம் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள், அன்பியத்துக்காரர்கள், ஜெபமாலை சொல்ல வருவார்கள், அவர்கள் முன்னால் எப்படி எடுப்பது என்று அப்படியே விட்டுவிடுவேன். பையில் இருந்தது அவ்வளவும் திரும்பி உள்ளே போயிருக்கிறது. இப்படி ஒன்பது மாசம். ஒவ்வொரு தடவையும் ஞாயிறு, திங்களில் குளிர் ஜுரம் வரும், மூத்திரம் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி கலங்கும், மாத்திரை கொடுத்ததும் அடங்கும். கொசு கடித்த ஜுரம் என்று நினைத்தேன்.

அக்டோபர் முதல் வெள்ளியன்று சந்திரகலா பஞ்சு கொடுக்க வந்தவள், ஜெபம் முடிகிற வரைக்கும் வாசலில் நின்றாள். எல்லோரும் போனதும் தொங்குகிற இடத்தில் பை இல்லையே என்று போர்வையைத் தூக்கிப் பார்த்தாள். பையைக் கீழே மாட்டிவிட்டு, மாசா மாசம் இந்த ஜுரம் எங்கேருந்து வருதுன்னு நானும் கொழம்பிக்கினு இருந்தேன், இப்பிடி மூடிக்கினு வெச்சிருந்தீங்களாம்மா என்றாள். அவள் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள். அந்தத் தடவை வந்த ஜுரம் மாத்திரைக்கு அடங்கவில்லை, விஷம் மேலே சிறுநீரகத்துக்கே ஏறிவிட்டது. கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். இதில் பாவம் இல்லையம்மா என்று மூன்று தடவை அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். அவ்வளவுதானா என்று எனக்கு அவர்மேல்கூடக் கோபம் வந்தது. நேற்று முன்தினம் முதல் வெள்ளிக்கு நான் பையைத் தூக்கவில்லை. அதில் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தது. சாமியார் அதன் பக்கத்திலேயே முழந்தாள் போட்டு, அப்பாவுக்கு நற்கருணை கொடுத்துவிட்டுப் போனார். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உன்கூடப் படித்த ஜெனிஷாவுக்கு வடலூரில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்களாம், உன்னிடம் சொல்லச் சொன்னாள். நீ குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொள், நைட் டியூட்டி முடிந்து வந்து சாப்பிடாமல் படுக்காதே.

நான் கடிதம் எழுதப்போகிறேன் என்று தெரிந்ததும் நேற்று அப்பா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். நான் தண்ணி குடிக்காம அடம் பண்ணினேன், அதனாலதான் இப்படி ஆச்சுன்னு பாப்பாவுக்கு எழுது என்றார். நான் அழுதேன். நீ உள்ளத எழுதினா அவ உன்னத் திட்ட மாட்டா, பேசாம இருந்துடுவா, அப்புறம் உனக்கு யாரு இருக்கா, அவளுக்குத்தான் யாரு இருக்கா, நானும் அந்தப் பை கண்ணுல படாம இருந்தா போதும்னுதான் வாய மூடிக்கினு கெடந்தேன் என்றார். மூச்சு வாங்கி வாங்கி இவ்வளவும் சொன்னார். சரி, அப்படியே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை, உள்ளதை எழுதிவிட்டேன். மன்னித்துவிடு என்று எழுதத் தோன்றுகிறது, அதைக் கேட்கவும் எனக்கு வாய் இல்லை. நீ பேசாமல் இருந்தாலும் சரிதான்.

ஆண்டவரும் தேவதாயும் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். உன் நெற்றியில் சிலுவை வரைந்து முத்தமிடுகிறேன். ஒன்றே ஒன்று மறக்காதே. பதில் எழுதும்போது ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்று அப்பாவைத் திட்டி எழுது, நான் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். எனக்கு எழுதுவதைத் தனித் தாளில் எழுது. கொஞ்சம் வாசிப்பதற்குள் தூங்கிவிடுகிறார், அதனால் திட்டு முதல் வரியிலேயே இருக்கட்டும். தபால் வந்து சேரப் பத்து நாள் ஆகிறது, இன்றைக்கே எழுதிவிடு.

உன் அம்மா,
லூசியம்மாள் இன்னாசிராஜ்.