நீல கேட்

அன்புள்ள தங்கைக்கு,

பாப்பா நலமாக இருக்கிறாள். முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். மீதியை உட்கார்ந்து படி. உன் விடுதி வார்டன் அறைப் போனில் நாலு பேர் காதுபடச் சொல்கிற சேதி இல்லை என்பதால் கூரியரில் அனுப்புகிறேன்.

கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேர் நம் தெருவைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறார்கள், பாப்பா பகலில் போகும் குழந்தைகள் காப்பகத்துக்கும் வருகிறார்கள் என்று போன மாதம் எழுதியிருந்தேன். "அவ முகம் மட்டும் வேண்டாம் அண்ணா" என்று நீ பதில் போட்டிருந்தாய். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. எல்லாப் பெற்றோரிடமும் கையெழுத்து கேட்டார்கள். கையெழுத்துப் போடாத வீட்டுக் குழந்தைகளின் கை, கால், முதுகு மட்டுமே எடுப்பது என்று ஏற்பாடு. கேமரா உள்ள அறையில் ஆயாம்மாவோ, பெற்றோர் சார்பில் நானோ இல்லாமல் எந்தக் குழந்தையும் இருக்கக் கூடாது. கேமரா பிடிக்கும் பையன் நெட்டை. குழந்தைகள் அவனுக்கு ஒட்டகச்சிவிங்கி என்று பெயர் வைத்துவிட்டார்கள். பாவம், அவர்கள் உயரத்துக்கு மண்டியிட்டே படம் எடுத்து, மாலையில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு போவான்.

எடுத்ததை எனக்குக் காட்டாமல் வெளியே விடுவதில்லை என்றும் பேச்சு. கல்லூரி நூலகத்தில் உட்காரவைத்துக் காட்டினார்கள். நூலகமாயிற்றே என்று சத்தத்தை நிறுத்தச் சொன்னது நான்தான். முப்பத்து நாலு வருடம் சத்தம் போடாதே என்று சொல்லிப் பழகிய வாய். விடைத்தாள் திருத்துவது போல ஒவ்வொரு காட்சிக்கும் டிக் போட்டேன். க்ரேயான் பிடித்த கை, இடம் வலம் மாற்றிப் போட்ட செருப்பு, இரட்டைச் சடை. பாப்பா முகம் எங்கேயும் இல்லை. நூற்றுக்கு நூறு கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன்.

கண்ணுக்கு மட்டும் பரீட்சை வைத்திருக்கிறேன், காதை விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை முடிவெட்டப் போனேன். கடைக்காரர் தன் போனை நீட்டி, "சார், இது உங்க வீட்டு வாண்டு குரல்தானே? என்னமா ஒப்பிக்குது!" என்றார். படத்துக்கு முன்னோட்டமாகப் பிள்ளைகள் வெளியிட்ட ஒரு நிமிடத் துண்டு. திரையில் க்ரேயான் பிடித்த கை மட்டும். குரல் பாப்பாவுடையது. தன் முழுப் பெயர், உன் பெயர், என் பெயர், ஊர், தெரு. கடைசியில், "பேக்கரிக்கு எதிர்ச் சந்து, நீல கேட், உள்ள மாமா இருப்பாங்க."

நீ அவளை என்னிடம் விட்டுப்போன வாரமே நான் சொல்லிக்கொடுத்த பாடம் அது. தொலைந்துபோனால் சொல்ல வேண்டும் என்று தினமும் பல் விளக்கியதும் வாய்ப்பாடு போல ஒப்பிக்கவைத்தேன். ஒலிப்பதிவு செய்யும் பெண் சும்மா பேர் கேட்டிருக்கிறாள். பாப்பா ஓர் எழுத்து பிசகாமல் சொல்லியிருக்கிறாள். ஆயாம்மா கைதட்டினாராம்.

பாதி வெட்டிய முடியோடு கல்லூரிக்கு ஓடினேன். ஒரு மணி நேரத்தில் நீக்கிவிட்டார்கள். முகத்தை மட்டுமே நினைத்தோம் சார் என்று அந்தப் பெண் அழுதாள். நானும் அதைத்தானே நினைத்தேன், அவளை எப்படித் திட்ட? ஆனால் நாலு நாள் அது போன் போனாகச் சுற்றியிருக்கிறது. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா என்று எத்தனை வகுப்பில் கேட்டிருப்பேன்.

நேற்று காப்பகத்துக்கு ஒரு போன் வந்தது. ஆண் குரல். பாப்பாவின் பெயரைச் சொல்லி, எத்தனை மணிக்கு விடுவீர்கள் என்று விசாரித்திருக்கிறான். யார் பேசுவது என்று ஆயாம்மா கேட்டதற்கு, "அப்பான்னு சொல்லுங்க, சந்தோஷப்படுவா" என்று சிரித்தானாம். அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. அப்படி ஒரு குழந்தை இங்கே இல்லை என்று அவர் வைத்துவிட்டார். அவன் உங்களை நெருங்கக் கூடாது என்ற கோர்ட் உத்தரவின் நகலோடு காவல் நிலையம் போனேன். எழுதிக்கொண்டார்கள். பார்க்கிறோம் என்றார்கள்.

பாப்பாவைக் காப்பகத்துக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டேன். சந்தில் ஒரு பைக் நின்றால் ஜன்னலுக்குப் போகிறேன். இன்று காலை கேட்டுக்குப் பச்சை பெயின்ட் அடித்தேன். சிரிக்காதே, பயந்தவன் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருக்கிறது. காயாத பெயின்ட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மாமா, இப்ப நான் சொல்றது தப்பா?" என்று பாப்பா கேட்டாள். இனி யார் கேட்டாலும் எதையும் சொல்லக் கூடாது என்றேன். ஏன் என்றாள். நான் பிரஷை மறுபடி டப்பாவில் முக்கினேன்.

ஞாயிறு காலை ரயிலில் அவளை அழைத்து வருகிறேன். வார்டனிடம் பேசி ஏற்பாடு செய். நீ ரயில் நிலையத்துக்கு வராதே; நீ வேலை பார்க்கும் மருத்துவமனையின் பின்வாசலுக்கு நாங்களே வருகிறோம். படித்ததும் இதைக் கிழித்துவிடு.

ஒன்றை மட்டும் கேள். வீட்டில் தனியே விட மனமில்லாமல் மருந்துக்கடைக்கு அவளையும் கூட்டிப்போனேன். கடைக்காரர் எப்போதும் அவள் பேர் கேட்பார், அவள் ஒப்பிப்பாள், ஒரு மிட்டாய் கிடைக்கும். இன்றும் கேட்டார். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். விரலெல்லாம் பச்சை. மிட்டாயையும் வாங்கவில்லை.

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் அவளைக் கண்டதும் முதலில் பேரைக் கேள். அம்மாவிடம் சொல்லலாம் என்று சொல்லியே அழைத்து வருகிறேன்.

நீங்கள் இருவரும் பயமில்லாமல் தூங்க வேண்டும்.

உன் அண்ணன்