மைதானத்தின் நடுவில் ஒரு கடுகு

அன்பு மகளுக்கு,

இது என் கையெழுத்துதான். எழுபது வயதில் கற்றுக்கொண்டேன். ஒரு வரிக்கு அரை மணி நேரம் ஆகிறது, ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது. போனைத்தான் நீ எடுப்பதில்லை, கடிதத்தையாவது பிரிப்பாய்.

நான் பெருக்கும் பள்ளிக்கூடத்தில் நேற்று டீச்சர் மைதான நடுவில் ஒரு தாளில் கடுகை வைத்துவிட்டு, பிள்ளைகளுக்குத் திரையில் அணுவின் படம் போட்டார். கரு அந்தக் கடுகளவு என்றால் எலக்ட்ரான்கள் சுற்றுச்சுவரோரம் இருக்குமாம். இடையெல்லாம் வெற்றிடமாம். எல்லோரும் வெளியே வந்து பார்த்தால் கடுகைக் காணோம். குப்பையென்று நான் பெருக்கிவிட்டிருந்தேன்.

"தாத்தா, அணுவையே காலி பண்ணிட்டீங்களே" என்று டீச்சர் சிரித்தார்.

"எல்லாம் வெற்றிடம்னா, ஒரு கையைப் பிடிச்சா எப்படிம்மா தட்டுப்படுது?" என்று கேட்டேன்.

"எலக்ட்ரானுங்க ஒண்ணையொண்ணு விலக்குது தாத்தா, அதான்."

உன் அம்மாவின் கையை நினைத்துத்தான் கேட்டேன். இப்போதும் நம்மூர் ஆஸ்பத்திரியில் இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டே எழுதுகிறேன். ரொம்ப லேசாகிவிட்டது. டாக்டர் நாள் சொல்லிவிட்டார். அவள் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

வீட்டுப் படி ஏறாதே என்று உன்னிடம் சொன்னது நான். அவள் இல்லை.

ஐந்தாம் வார்டு, ஜன்னலோரக் கட்டில். நீ வரும்போது நான் ரோட்டுக்குப் போய் நின்றுகொள்கிறேன், என் முகத்தைப் பார்க்க வேண்டாம். வந்துவிடு, அம்மா.

உன் அப்பா