மூன்று மீட்டர் கேபிள்

இன்று உன் கையெழுத்தைப் பார்த்தேன். பிடோக்கில் இருக்கும் உங்கள் வீட்டில் உன் முப்பதாம் நாள் பூசைக்கு வந்தவர்கள் கிளம்பிய பிறகு, உன் அம்மா டூல் பாக்ஸை என் முன்னால் வைத்தார். "உனக்குத்தான்பா இதெல்லாம் புரியும்." திறந்ததும் ஈயம் பற்றவைக்கும் பசையின் வாசனை. ஸ்குரூ டிரைவர்களுக்கு அடியில் உன் பாக்கெட் நோட்டு. அதில் போன வருஷத்துப் பக்கம் ஒன்றில்: "லேசர் மேசையின் நீளக் கேபிளை எடுத்தேன். சின்னது போட்டிருக்கு. அவன்கிட்ட சொல்லணும்."

நீ சொல்லவில்லை.

நம் ஆய்வுக்கூடத்து லேசரின் அதிர்வெண் நகராமல் நிற்க, ஒரே ரேடியோ சிக்னல் இரண்டு வழியாகப் போய் மிக்சர் சர்க்யூட்டில் சந்திக்க வேண்டும்; இரண்டும் சரியான கணத்தில் வந்து சேர வேண்டும். ஒன்றைத் தாமதப்படுத்தத்தான் மூன்று மீட்டர் கூடுதலாக அளந்து வெட்டி, மேசைக்கு அடியில் சுருட்டி வைத்திருந்தேன். பார்ப்பவனுக்கு அது வீணாகக் கிடக்கும் கேபிள். உன் மேசைக்கு ஒன்று தேவைப்பட்டது, எடுத்தாய். அதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் லேசரின் அதிர்வெண் ஓரிடத்தில் நிற்கவில்லை. மிக்சரை மாற்றினேன், ஆம்ப்ளிஃபயரைப் பிரித்து மறுபடி சோல்டர் செய்தேன், எர்த்தில் கோளாறு தேடி அலைந்தேன். கேபிளை மட்டும் பார்க்கவில்லை. நான் வெட்டியது, அதில் என்ன தப்பு இருக்கப் போகிறது என்ற திமிர். ஏதோ ரேடியோ ஸ்டேஷன் உள்ளே நுழைகிறது என்று நான் புலம்பியபோது, "அப்ப பாட்டு கேக்கலாம் லா, மச்சான்" என்றாய். சிரித்தேன். சிக்னலை அளக்கும் புரோபைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றாய். மத்தியானம் தேக்கா மார்க்கெட்டுக்கு இழுத்துப் போய், டென்ஷன் ஆகாதே என்று எனக்கு பிரியாணி வாங்கித் தந்தாய்.

எப்போது உனக்குப் புரிந்தது? அன்று சாப்பிடும்போதே தெரியுமா?

நம் இருவரில் ஒருவனைத்தான் வேலையில் நிரந்தரமாக்குவார்கள் என்று இருவருக்கும் தெரியும். சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் யார் வேலை இது என்று கேட்டபோது, நீ பொய் சொல்லவில்லை. "சோல்டர் பண்ணது அவன்தான் சார்" என்றாய். அவ்வளவுதான். மாணவர்களின் பழுதான ஆசிலஸ்கோப்புகளை ரிப்பேர் செய்ய என்னைக் கீழ்மாடிக்கு அனுப்பினார்கள். நான் போன இரண்டாம் நாள் லேசர் அசையாமல் நின்றது; நீளக் கேபிளை நீ திரும்ப மாட்டியிருக்கிறாய். மேலே ஓடி வந்து உனக்குக் கை கொடுத்தேன். கையை நீட்டி வாங்கிக்கொண்டாய்.

சனிக்கிழமை தவறாமல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவன் நீ. நான் கோயில் பக்கமே வராததைக் கிண்டல் செய்வாய். இதை ஃபாதரிடம் சொன்னாயா? அவர் உன்னை மன்னித்திருப்பார். கீழ்மாடிக்குப் போனது அவரில்லை.

போன மாதம் மழையில் உன் பைக் சறுக்கியது. கேட்கக்கூட ஆளில்லாமல் போயிற்று.

நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இதைச் சூப்பர்வைசரிடம் காட்டினால் என் பெயர் சரியாகும், லேசர் மேசை திரும்பக் கிடைக்கும். உன் அம்மாவுக்கும் விஷயம் போகும். உன் சகாக்கள் எல்லாரும் அவர் போகும் அதே கோயில்தான்.

உன் அம்மா கேட்டார்: "வேலைல நல்ல பேரு எடுத்தானாப்பா?"

"எடுத்தான் ஆன்ட்டி" என்றேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அந்தப் பெயர் என்னுடையது. உன் அம்மா இருக்கும்வரை அதை நான் திருப்பிக் கேட்க முடியாது.