பரிசாம் அந்த முரசு

அப்பாவுக்கு மன்கா எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவின் இருமல் நின்றதா? நான் நலம். பதற வேண்டாம், அருங்காட்சியகத்தில் தரை துடைக்கும் வேலை போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை நம் மரமுரசு இருக்கும் கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நம் அரண்மனையைக் கொளுத்திவிட்டு ஜெர்மன் சிப்பாய்கள் அந்தக் காலத்தில் இங்கே ஜெர்மனிக்குத் தூக்கிவந்த அதே முரசுதான். அங்கே ஓர் அதிகாரி விருந்தினர்களிடம், "இது கமரூன்ல ஒரு ராஜா அன்பா குடுத்த பரிசு" என்றார். நான் துடைப்பதை நிறுத்திவிட்டு அவர் எதிரே போய்க் கேட்டேன்:

"பரிசா? வீட்டைக் கொளுத்தினவனுக்கு எவன்யா பரிசு குடுப்பான்?"

"உன் வேலையைப் பாரும்மா. உங்க ஊருக்கு அனுப்பினா கறையான் அரிச்சுடும்."

"அரிக்கட்டுமே! எங்க முரசு, எங்க கறையான். உங்களுக்கு எங்க வலிக்குது?"

அவர் சிரித்தார். "அது செத்த மரம். சத்தம்கூட வராது."

துடைப்பக் கட்டையைத் திருப்பிப் பிடித்து மூன்று முறை ஓங்கி அடித்தேன். அப்பா, ஜன்னலெல்லாம் அதிர்ந்தது! விருந்தினர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். காவலர்கள் என் கையை முறுக்கி வெளியே தள்ளினார்கள். வெறும் சுளுக்குத்தான்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் காய்ந்த மிளகாய் கொடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட உட்காரும்போது எனக்குப் போன் போடுங்கள். பேசக்கூட வேண்டாம், தட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தால் போதும்.

ஓட்டலில் பாத்திரம் கழுவ ஆள் கேட்கிறார்களாம், ஓடுகிறேன். நம் ராஜாவிடம் மட்டும் சொல்லிவிடுங்கள்: முரசைத் திருப்பிக் கேட்டு இனி கெஞ்சிக் கடிதம் எழுத வேண்டாம், வழக்குப் போடட்டும். அந்த முரசு யாருடைய குரல் என்று சாட்சி சொல்ல நான் இருக்கிறேன்.

மன்கா