பட்டியலில் ஏழாவது பெயர்

என்னங்க,

சோறும் கருவாட்டுக் குழம்பும் மூடி வச்சிருக்கேன். பத்து மணிக்கு கேஸ்காரர் வருவாரு, நீங்களே வாங்கி வைங்க. வேலைக்குப் போகணும்னு சொல்லாதீங்க.

ஜெலுத்தோங்ல எங்க கம்பெனிக்கு ஸ்டோர் ஆள் வேணும்னு பாஸ் அரசாங்க வேலைவாய்ப்பு மையத்துல கேட்டிருந்தாரு. நேத்து அவங்க அனுப்புன பட்டியலைப் பிரிண்ட் எடுத்ததே நான்தான். ஏழாவது பேரு உங்களோடது. வேலை போயி ரெண்டு மாசம்னு போட்டிருந்துச்சு. ரெண்டு மாசமா நான் கட்டிக் கொடுத்த சோத்தை எங்க உக்காந்து சாப்பிட்டீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா.

ஐம்பது தாண்டுனவங்க வேணாம், அடிச்சிருன்னு பாஸ் சொன்னாரு. இவரு என் வீட்டுக்காரர்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரிஞ்சிரும்னு பயந்துட்டேன். ஸ்கேல் வச்சு உங்க பேரை அடிச்சது நான்தாங்க.

மோகனா

மையத்துலேருந்து போன் வரும். இந்தத் தடவையும் இல்லன்னுதான் சொல்வாங்க. எடுத்துப் பேசுங்க.

இதைப் படிச்சதும் கிழிச்சிருங்க. உங்க யூனிஃபார்ம் துவைச்சுக் காயப் போட்டிருக்கேன், நாளைக்குப் போட்டுக்கிட்டே கிளம்புங்க. நம்ம புள்ள கோகிலாவுக்குப் பரீட்சை முடியட்டும். அதுவரைக்கும் அவகிட்ட ரெண்டு பேருமா மறைப்போம்.