பூவை நாமே வைக்கிற இடம்

அக்கா,

என் பெரிய பேத்தி நர்சிங் முடித்துத் திருப்பதியிலேயே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாள். பேரன் சத்தியவேடு பக்கம் கம்பெனியில் சூப்பர்வைசர், அவன் சொல்லுக்குப் பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள். சின்னவள் பத்தாவதில் பள்ளிக்கூடத்துக்கே முதல், அதுவும் தெலுங்கு மீடியத்தில். அஞ்சாவதோடு படிப்பை நிறுத்திய என் வீட்டுப் பிள்ளைகள் இவர்கள். இன்று பவுர்ணமி. விகாரையைக் கழுவத் தரையில் பினாயில் ஊற்றினேன். அந்த வாசனை எழும்பியதும், ஆஸ்பத்திரியில் வார்டு கழுவி முடித்து நீ நேராக இங்கே வந்து நின்ற மாதிரி இருந்தது. "புள்ளைங்க இன்னா பண்ணுதுங்க?" என்று நீ கேட்கும் முன்னே நானே சொல்லிவிட்டேன்.

பிள்ளைகள் இப்படிப் படித்துப் போனதால்தான் பவுர்ணமிக்கு ஏழெட்டுப் பேர் வந்தாலே பெரிசாக இருக்கிறது. அதற்காக நான் அழப்போவதில்லை. போகட்டும் என்றுதானே படிக்க வைத்தோம்.

நம் காலனி முனையில் நாலு தூண் நட்டு, ஷீட்டு போட்டு, சிமெண்டு புத்தரைக் கொண்டுவந்து நீ உட்கார வைத்த நாளில் சித்தூரே சிரித்தது. உனக்கு ஒரே ஒரு கட்டளை. இங்கே யார் பூவையும் யாரும் வாங்கி வைக்கக் கூடாது. கொண்டுவந்தவர் கையாலேயே வைக்க வேண்டும். நம் அம்மாக்கள் கோயில் வாசலில் பூத்தட்டைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார்கள். உள்ளிருந்து வருகிறவர் தண்ணீர் தெளித்துத்தான் அதைத் தொடுவார். அதை நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன். அதனால்தான் இங்கே பால்குடிக் குழந்தையின் கையிலும் ஒரு பூவைக் கொடுத்து முதலில் வைக்கச் சொன்னாய்.

முதல் பவுர்ணமிக்கு நான் செய்த கூத்து உனக்கு மறந்திருக்காது. மாங்கூழ் ஃபேக்டரியில் வேலை முடித்து அவசரமாக வந்தவள், பழக்க தோஷத்தில் புத்தருக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, தேங்காயும் உடைத்துவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நீ இடுப்பில் கைவைத்து நின்றாய்.

"இன்னாமே, பொண்டாட்டி புள்ளைய வுட்டுட்டு வந்த மனுசனப் புடிச்சி மறுபடியும் மாப்பிள்ளையாக்கிக்கினு கீறியே."

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது. முந்தானையை நனைத்து நீயே புத்தர் நெற்றியைத் துடைத்தாய். "இது சும்மாவே இருக்கட்டும்டி. யாருதுன்னு எழுதாத நெத்தி" என்றாய். தேங்காயை மட்டும் வீணாக்காமல் இரண்டு பேரும் துன்னோம்.

நீ கண்ணை மூடி இரண்டு வருஷம். போன மாசம் என் மகன் ஒருத்தரைக் கூட்டிவந்தான். திருப்பதியில் இரண்டு லாட்ஜு வைத்திருப்பவர். மழையில் புத்தர் தலையில் சொட்டுவதைப் பார்த்து மகனுக்கு மனசு கேட்கவில்லை, அவன் மேலும் தப்பில்லை. வந்தவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"அம்மா, நானே காங்கிரீட்டு போட்டுக் கட்டித் தரேன். புத்தரும் பெருமாள் அவதாரம்தானே? நாமம் சாத்தி, பக்கத்துல பெருமாளையும் வெச்சிட்டா கூட்டம் தானா வரும்."

"பூவ யாருங்க வைப்பாங்க?" என்று கேட்டேன்.

"அதுக்குன்னு ஒரு ஐயரைப் போட்டுடலாம்மா. நீங்க கம்பிக்கு இந்தாண்ட நின்னு குடுத்தா போதும்."

எனக்கு அதற்குமேல் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"ஐயா, பெருமாள நாங்க ஒண்ணும் சொல்லல. மலை மேல நல்லா இருக்கட்டும். இந்த மனுசன மட்டும் எங்களுக்கு மனுசனாவே வுட்டுடுங்க. கூரை ஒழுகுது, ஒழுகிட்டுப் போவட்டும்."

"எந்துக்கம்மா இந்தப் பிடிவாதம்?" என்றார். "ஏழு பேர் வர எடத்துக்கு?"

"எட்டாவதா நீங்க வாங்க. பூ எடுத்துக்கினு வாங்க. நீங்களே வைக்கலாம்."

காரில் ஏறிப் போய்விட்டார். மகன் நாலு நாள் என்னோடு பேசவில்லை. அஞ்சாம் நாள் கூரை மேல் ஏறித் தார் பூசிக்கொண்டிருந்தான். மேலே இருந்தபடியே, "இதுக்கு மேல ஒழுகுனா நீயே போய்க் கொடை புடி" என்று கத்தினான். "புடிப்பேன்டா" என்றேன். நிஜமாகவே பிடிப்பேன், அக்கா.

புத்தம் சரணம் சொல்ல இப்போது நான்தான் நோட்டை வைத்துக்கொண்டு முன்னால் உட்காருகிறேன். தெலுங்குப் புஸ்தகத்தை நீ படிக்கப் படிக்க நான் தமிழில் எழுதிக்கொண்ட நோட்டு அது. எனக்குத் தெலுங்கு படிக்க வராது, உனக்குத் தமிழ் எழுத்து வராது. எழுத்து இன்றைக்கும் தடுக்குகிறது. ஆனால் நீ எந்த இடத்தில் மூச்சு விடுவாயோ அந்த இடத்தில்தான் எனக்கும் மூச்சு வருகிறது. அதை யாரும் என்னிடமிருந்து வாங்கிவிட முடியாது.

இதை யாரைக் கேட்டு இங்கே கட்டினீர்கள் என்று நாளைக்கும் ஒருத்தர் வந்து கேட்பார். அவருக்குக் காட்ட உன் படத்தை வாசல் தூணில் மாட்டப்போகிறேன். கையில் இருப்பது உன் ஆஸ்பத்திரி வேலை அட்டையிலிருந்து எடுத்த படம்தான். அதில் யாருக்கோ பயந்த மாதிரி விறைத்து நிற்கிறாய். நீ பயந்து நான் பார்த்ததே இல்லை. குப்பம் டவுனில் இருக்கும் உன் மகளுக்கு நேற்றே கடிதாசி போட்டுவிட்டேன்: உங்கம்மா சிரிக்கிற மாதிரி வேறு போட்டோ ஒன்று தேடி, பெரிசாகப் போட்டு, தபாலில் அனுப்பு.